ஒரு பல்லுக்கு ஒரு நகர்த்தல்

எங்கள் கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விடுவோம். சொல்வதற்கு எளிது. ஒரு மனுஷனைப் பேசாதே என்று சொல்லிப் பாருங்கள், பத்து வருஷமாகச் சொல்ல மறந்ததெல்லாம் அந்த அரை மணியில்தான் அவருக்கு ஞாபகம் வரும். பஞ்சைத் துப்பிவிட்டு மருமகளைப் பற்றி ஆரம்பிப்பார். மறுபடி ரத்தம் வரும். தரையைத் துடைப்பது நான்.

அதனால் பதினாலு வருஷத்துக்கு முன்னால், இங்கே டாக்டராக இருக்கும் என் அண்ணன், காத்திருக்கும் அறையில் ஒரு செஸ் போர்டை வைத்தார். பல் போனவர் ஒரு காயை நகர்த்தலாம். ஒரே ஒரு தடவை. சொத்தையை அடைத்துக்கொண்டவர், சுத்தம் செய்துகொண்டவர், துணைக்கு வந்த மாமனார், யாரும் கை வைக்கக் கூடாது. வெள்ளைக் காய்கள் பல் போனவர்களுக்கு, கறுப்பு அண்ணனுக்கு. அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வரும்போது அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் பதிலை ஆடிவிட்டுப் போவார். யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. பஞ்சு கடித்தவரால் சொல்ல முடியாது. மற்றவர்களை நான் பார்த்துக்கொள்வேன்.

வாரத்துக்கு மூன்று நான்கு பல் விழும். ஒரு ஆட்டம் முடிய இரண்டு மூன்று மாசம் ஆகும். சுவரில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. 'டாக்டர் 61, பற்கள் 0' என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அண்ணன் தன் கைப்பட எழுதியது: 'ஜெயித்தால் இந்த கிளினிக்கில் கேட்டது கிடைக்கும்.' முப்பது பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் வெள்ளையின் ஆட்டமும். முன்னால் ஆடியவர் என்ன நினைத்து ஆடினார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அந்த தைரியத்தில்தான் அண்ணன் அப்படி எழுதி வைத்தார்.

ஜெயித்தால் என்ன கேட்பீர்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். காத்திருக்கும் அறைக்கு ஒரு ஃபேன். முன்பு இருந்தது. காற்றில் பிளாஸ்டிக் காய்கள் சாய்கின்றன என்று அண்ணன் கழற்றிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு நேராக இருக்கும் அறை என்னுடையது. ஒரு மேசை, ஒரு போன், நோயாளிகளின் அட்டைகள் அடுக்கிய மூன்று பீரோ. முன்னால் வாடகைக்கு இருந்தவர்கள் அங்கே சலூன் வைத்திருந்தார்கள். சுவரில் இன்னும் தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் என் குடையை மாட்டுவேன். யாருக்கு எத்தனை மணி என்று நோட்டில் எழுதுவது, தாமதமாக வருகிறவர்களைத் திட்டுவது, ஊசிக்குப் பயந்து நழுவுகிறவர்களைப் படிக்கட்டிலேயே மடக்குவது எல்லாம் என் வேலை. எனக்குக் கோபம் வரும் என்று சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்?

இப்போது தங்கச்சி. என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது முதல் காலேஜ் விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டியது வரை நான்தான். அவளும் பல் டாக்டர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் அண்ணன் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பல்லைத் தனியாகத் தொட்டதில்லை. அவள் பாஸ் பண்ணிய மாசம் அண்ணன் இன்னொரு சிகிச்சை நாற்காலி வாங்கிப் போட்டார். வாங்கியதோடு சரி. பின்பக்கம் ஸ்டோரில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நிற்கிறது. அக்கறையின் லட்சணம் அது.

போன வாரம் தங்கச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு நாள் ரயில் தூரத்தில் ஒரு பெரிய கிளினிக். தனி அறை, தனி நாற்காலி, கதவில் பெயர். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அண்ணனிடம் காட்டவில்லை. என்னிடம் மட்டும் காட்டினாள்.

"என்னக்கா பண்றது?" என்றாள்.

"எல்லாம் அந்தப் பெரிய மனுஷனால வந்தது. நான் பார்த்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. அவள் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் எனக்குப் பேச ஆளில்லை. பேச்சை விடுங்கள். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது.

வியாழக்கிழமை காலை லிஃப்ட்காரர் வந்தார். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளை ரிப்பேர் செய்கிறவர். கீழ்க் கடைவாய்ப் பல் போனது. பஞ்சைக் கடித்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

ஆட்டம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். வெள்ளை சாகக் கிடந்தது. அடுத்த நகர்த்தலில் அண்ணன் செக்மேட் வைத்துவிடுவார். ஆனால் அவருடைய ராஜாவுக்கும் நிம்மதி இல்லை. பக்கத்திலேயே ஒரு வெள்ளைச் சிப்பாய் ஏறிப்போய் முட்டிக்கொண்டு நின்றது. வலது ஓரத்து நேர்க்கோடு முழுக்கக் காலி. அந்தக் கோட்டின் அடியில், எங்கள் மூலையில், ஒரு யானை. ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டத்தை விட்டு அசைந்ததே இல்லை. போர்டில் இருந்ததிலேயே ஜம்மென்று நின்ற காய் அதுதான். பார்க்கிறவர்களெல்லாம் அதைக் காட்டி, அது இருக்கும்வரை பயமில்லை என்பார்கள்.

லிஃப்ட்காரர் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு அந்த யானையை எடுத்து, கோட்டின் உச்சிக்குக் கொண்டுபோய், அண்ணனின் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தார். செக். அங்கே யானைக்குக் காவல் எதுவும் இல்லை. ராஜா வெட்டிவிடலாம்.

அறையில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். "யோவ், மரத்துப்போனது வாயா மூளையா?" என்றார் ஒருவர். லிஃப்ட்காரர் "ம்ம், ம்ம்" என்று போர்டின் கீழ் வரிசையைக் காட்டிக் கையை ஆட்டினார். சைகையும் யோசனைதான் என்று நான் அவர் கையில் ஒரு தட்டு தட்டினேன். அண்ணன் வெளியே வந்தார், பார்த்தார், சிரித்தார், ராஜாவால் யானையை வெட்டிவிட்டு உள்ளே போனார்.

லிஃப்ட்காரர் போன பிறகு நான் போர்டைப் பார்த்தேன். கீழ் வரிசையில் ராணி நின்றது. ராணிக்கும் வலது மூலைக்கும் நடுவில் மூன்று கட்டமும் காலி. இத்தனை நாளும் ராணி அந்த மூலைக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். போக முடியவில்லை, ஏனென்றால் மூலையில் எங்கள் யானையே உட்கார்ந்திருந்தது. யானை மெதுவாக வேறு எங்காவது ஒதுங்கியிருந்தால் அதற்குள் அண்ணன் செக்மேட் வைத்திருப்பார். அதனால் அந்த மனுஷன் யானையைச் செக் வைத்தே சாகக் கொடுத்து, கட்டத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ராணி மூலைக்கு வந்தால் செக். ராஜா பழைய இடத்துக்குத்தான் ஓட முடியும். ராணி மேலே ஏறிச் சிப்பாயின் காவலோடு பக்கத்தில் உட்கார்ந்தால் செக்மேட். பதினாலு வருஷமாக ஆளில்லாத நேரத்தில் இந்த போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஜெயித்தால் கேட்டது கிடைக்கும். என்ன கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியைத் தங்கச்சிக்குக் கொடு என்று கேட்க வேண்டும். எழுதிப்போட்டதை அண்ணன் மீற மாட்டார்.

ஆனால் அடுத்த பல் யாருடையது? நோட்டைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நாலு மணி, கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆனவர். ஏற்கெனவே ஐந்து பல்லும் ஐந்து நகர்த்தலும் கொடுத்திருக்கிறார். ஐந்திலும் எதையாவது வெட்டினார். வெட்டுவதற்கு ஒரு காய் கிடைத்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. ராணிக்கு நேர் எதிரே அண்ணனின் குதிரை ஒன்று கேட்பாரற்று நின்றது. வாத்தியார் அதை வெட்டுவார். அண்ணன் செக்மேட் வைப்பார். அதோடு ஆட்டமும் போச்சு, தங்கச்சியும் போச்சு.

எனக்கு மேல் வரிசையில் ஒரு கடைசிப் பல் இருக்கிறது. இருந்தது. ஒரு வருஷமாகச் சொத்தை. அண்ணன் பிடுங்கிவிடலாம் என்று சொல்லும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஊசி என்றால் பயம். படிக்கட்டில் மற்றவர்களை மடக்கும்போது அவர்கள் கண்ணில் தெரிகிற பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்தான்.

ஒன்றரை மணிக்கு அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் உள்ளே போய் அவருடைய சிகிச்சை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். தங்கச்சி கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பல்லைப் பிடுங்கு."

"அண்ணன் வரட்டும்க்கா."

"நீ டாக்டரா இல்லையா?"

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். "காலேஜ்ல முந்நூறு பல் பிடுங்கியிருக்கேன்" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"முந்நூத்தி ஒண்ணு" என்றேன்.

அதற்குப் பிறகு அங்கே என் தங்கச்சியைக் காணோம். யாரோ ஒரு டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். எல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டாள். "வாயை நல்லாத் திறங்க" என்றாள். திறங்க! பிறந்ததிலிருந்து என்னை நீ என்று பேசியவள். நான் திறந்தேன். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், கண்ணை மூடிக்கலாம்" என்றாள். மூடிக்கொண்டேன். ஊசி போட்டது தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மரத்துப்போனதா என்று இரண்டு தடவை குத்திப் பார்த்தாள். அவசரமே படவில்லை. அண்ணன் பல் பிடுங்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். இவளிடம் சத்தமே இல்லை. நெம்புவது தெரிந்தது, ஒரு தரம் முறுக்கியது தெரிந்தது, பிறகு தட்டில் டங் என்று ஒரு சத்தம்.

"முடிஞ்சுது. அரை மணி நேரம் பஞ்சைக் கடிங்க. பேசக் கூடாது."

இத்தனை நல்ல கையை இரண்டு வருஷமாகக் குழாய் பிடிக்க வைத்திருந்தாரே என்று அண்ணன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தப் பஞ்சும் அடைக்காது. நேராக போர்டுக்குப் போனேன். ராணியை எடுத்து யானை நின்ற மூலையில் வைத்தேன். செக்.

அண்ணன் இரண்டு மணி பத்துக்கு வந்துவிட்டார். போர்டைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

"யாரு?"

தங்கச்சி என்னைக் காட்டினாள்.

"பல்லு?"

தட்டைக் காட்டினாள்.

"யார் பிடுங்கினது?"

அவள் வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளைபோல் கையைத் தூக்கினாள். அண்ணன் டார்ச்சை எடுத்து என் வாய்க்குள் பார்த்தார். பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "வேர் உடையாம வந்திருக்கு. எனக்கே இது கஷ்டம்" என்றார். பிறகு தன் ராஜாவைப் பழைய கட்டத்துக்கு நகர்த்தினார். "நாளைக்கு வாத்தியார் வந்தா ஆட்டம் முடிஞ்சுது. இதுக்கு மேல எனக்கு வழி இல்ல. ஜெயிச்சது நீதான். கேளும்மா, என்ன வேணும்?"

நான் தங்கச்சியைக் காட்டினேன். சிகிச்சை அறையைக் காட்டினேன். பிறகு அண்ணனைக் காட்டிக் கையால் ஈ ஓட்டுவதுபோல் ஓட்டினேன். எல்லாருக்கும் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து என் அறையில் போன் அடித்தது. நான் பேச முடியாது. அண்ணன் போய் எடுத்தார். யாரோ பல் வலி என்று நேரம் கேட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "கூப்பிடறேங்க" என்று போனை வைத்துவிட்டு நோட்டோடு வந்தார்.

"இதுல தங்கச்சி பேருக்கு யாரையாவது எழுதணும்னா எங்க எழுதுறதும்மா?"

நோட்டு என் எழுத்து. ஒவ்வொரு பக்கமும் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. இடது பக்கம் மணி, வலது பக்கம் 'டாக்டர்'. ஒரே ஒரு டாக்டர்.

"சின்னவகிட்ட நாலு பேரை அனுப்பும்மான்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்? நீ போன்ல என்ன சொல்ற? 'பயப்படாதீங்க, பெரிய டாக்டரே பார்ப்பார்.' என் காதுல விழத்தான் செய்யுது."

அப்படிச் சொல்வது உண்மைதான். அவள் கை தவறி ஏதாவது ஆகி, யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அது ஒரு பதிலாக இருந்திருக்காது.

"நாற்காலி வாங்கி ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு வேண்டிய தண்ணி லைன் இருக்கிற ரூம் இந்தக் கட்டடத்துல இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல நீ குடை மாட்டியிருக்க. காலி பண்ணித் தரியான்னு கேட்டேன். என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான் செத்ததுக்கப்புறம் போட்டுக்குங்க என்று சொன்னேன். ஏதோ இரண்டு வார்த்தை கோபத்தில் சொன்னதாக நினைத்து அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

"அதோட நான் வாயைத் திறக்கல. உன்கிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது? கேட்டது கிடைக்கும்னு எழுதினது நான்தான், இல்லேங்கல. ஆனா நீ கேக்கிறது என்கிட்ட இல்லையேம்மா."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தட்டில் கிடந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். அவளும் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். கடிதத்தை அண்ணனிடம் காட்டாமல் என்னிடம் மட்டும் காட்டினாளே, என்மேல் அத்தனை பிரியம் என்று நான் பூரித்துப்போனேன். காட்ட வேண்டிய ஆளிடம்தான் காட்டியிருக்கிறாள்.

இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. பதினாலு வருஷத்தில் இந்த கிளினிக்கில் நான் பேசாமல் இருந்த முதல் இருபது நிமிஷம். அழுதேன். வலிக்கிறதா என்று தங்கச்சி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எழுந்து என் அறைக்குப் போனேன். குழாயிலிருந்து குடையை எடுத்தேன். மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, இன்னைக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது" என்றாள் டாக்டர். என்னை நகர்த்திவிட்டு அவள் ஒரு முனையைப் பிடித்தாள், அண்ணன் மறுமுனையைப் பிடித்தார். எங்கே வைப்பது என்று கண்ணால் கேட்டார்கள். காத்திருக்கும் அறையில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு இடம் உண்டு. குடையால் அதைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டில் ஸ்கேல் வைத்து 'டாக்டர்' என்ற பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டேன். கைக்குப் பழக்கமில்லாத கோடு, இரண்டு தடவை கோணியது. நாலு மணிக்கு வாத்தியார் வந்தார். புது நாற்காலிக்கு இன்னும் பிளம்பர் வரவில்லை. அண்ணன் தன் நாற்காலியை விட்டுவிட்டு வெளியே வந்து, காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

"பெரிய டாக்டர் பார்க்கலையா?" என்றார் வாத்தியார்.

"சின்ன டாக்டர் பார்ப்பாங்க. எனக்கே அவங்கதான் பிடுங்கினாங்க" என்று என் வாயைத் திறந்து காட்டினேன். அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்.

பஞ்சோடு வந்து போர்டுக்கு முன்னால் உட்கார்ந்த வாத்தியார் ராணியைப் பிடித்தார். மூலையிலிருந்து குதிரை எட்டவில்லை. வெட்ட எதுவுமே எட்டவில்லை. முகம் சுருங்கிப்போனது. வெகு நேரம் கழித்து ராணியை மேலே ஏற்றி, அண்ணனின் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். செக்மேட். அறையே எழுந்து கைதட்டியது. ராஜாவுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புச் சிப்பாயை அடுத்த பல்லுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் அங்கே போனதாக அவர் பஞ்சைத் துப்பிய பிறகு சொன்னார்.

சனிக்கிழமை தங்கச்சி கடிதத்துக்குப் பதில் எழுதினாள். தபாலில் போட என்னிடம்தான் கொடுத்தாள். உறையை ஒட்டவில்லை. நான் படிக்க வேண்டும் என்றுதான் ஒட்டவில்லை என்று தெரிந்தது. 'இங்கே எனக்கு இடம் கிடைத்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். நானே நாக்கில் நனைத்து ஒட்டினேன். பிடுங்கிய இடம் இன்னும் கொஞ்சம் வலித்தது.

சிலேட்டில் இப்போது 'டாக்டர் 61, பற்கள் 1' என்று இருக்கிறது. கேட்டது கிடைக்கும் என்று எழுதியதை அண்ணன் விடவில்லை. இன்னும் நீ எதுவும் கேட்கவில்லையே என்று நச்சரித்தார். ஃபேன் போடச் சொன்னேன். பதினாலு வருஷமாகத் தனி அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த அறையின் புழுக்கம் தெரியவே தெரியாது.

ஃபேன் சுற்றினால் காய்கள் சாய்கின்றன. பல் போனவர்கள் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். நோட்டின் தாள்களும் பறக்கின்றன. அண்ணன் வெட்டிப்போட்ட அந்த வெள்ளை யானையை எடுத்து நோட்டின் மேல் வைத்திருக்கிறேன். புது ஆட்டத்துக்கு ஒரு யானை குறைகிறதே என்று கேட்டார்கள். மூலையில் என் பல்லை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.